அட்டைப்பெட்டி வீட்டுக்கு நெய்த பாய்கள்

லேத்து மிஷினில் இரும்பு கடைகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கையில் கோணி ஊசியும் பச்சை உல்லன் நூலும் வைத்துக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பாய் நெய்துகொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா? எங்கள் லைன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் எல்லாம் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவார்கள். "இன்னா தம்பி, அடுத்தது கோலம் போடக் கத்துக்கப் போறியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பாள். "நீ வாசலைப் பெருக்கி வையிக்கா, வர்றேன்" என்பேன். வாய்க்கு வாய் பதில் சொல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

1991. ஸ்ரீபெரும்புதூர் என்கிற பேர் அந்த வருஷம் பேப்பரில் வராத நாளில்லை. அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதே வருஷம் ஆனியிலும் ஆடியிலும், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில், டேபிள் ஃபேன் வந்த அட்டைப்பெட்டிக்குள் நடந்த சமாச்சாரம்.

அந்தத் தை மாதம்தான் குன்றத்தூர் மலைக் கோயிலில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தவள். முதல் புருஷனை நோய்க்குப் பறிகொடுத்தவள், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. என் வீட்டில் ஒருத்தரும் வரவில்லை. "உனக்குப் பொண்ணே கெடைக்கலையாடா?" என்று கேட்டார்கள். கிடைத்துவிட்டாள், அதனால்தான் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அதோடு பேச்சு நின்றுபோனது.

பெண் வீட்டுப் பக்கம் வந்தவர் ஒரே ஒருத்தர். அவளுடைய முதல் புருஷனின் அண்ணன், குழந்தைக்குப் பெரியப்பா. படப்பைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷர். தம்பி போன பிறகு இரண்டு வருஷம் தாயையும் பிள்ளையையும் அரிசி பருப்புக்குக் குறை வைக்காமல் பார்த்தவர் அவர்தான். தாலி கட்டி முடித்ததும் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இது எங்க தம்பி கொழந்த. ஆடில எங்க ஊர்ல கூழ் ஊத்துவாங்க. அப்போ வந்து கொழந்தையையே கேப்பேன். இங்கியே இருக்கேன்னு சொன்னா இருக்கட்டும். பெரியப்பா வூட்டுக்கு வர்றேன்னு சொல்லிச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் குறுக்க நிக்கக் கூடாது."

நியாயமான பேச்சு. சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன செய்ய முடியும்? சரிங்கண்ணா என்றேன். என் மனைவியும் தலையாட்டினாள். மலை இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "அவ போயிட்டா நான் உங்க வூட்ல சும்மா ஒடம்பா இருப்பேன், அவ்ளோதான். இப்பவே சொல்லிட்டேன்."

ஆக, குழந்தையின் மனசைப் பிடிக்க எனக்கு ஆடி வரைக்கும் தவணை. எனக்கா, மூக்கு மேல் கோபம். குழந்தைகளோடு பழகியதும் கிடையாது. பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், கையில் வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டாள். மொபெட்டில் முன்னால் உட்காரவைத்து ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக் காட்டினேன், வாயே திறக்காமல் போய் வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மெஸ்ஸில் பார்க்கும்போது மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, வீட்டுக்கு வந்த பிறகு எதுவுமே கூப்பிடுவதில்லை. "அவரு வந்துட்டாரு", "அவருக்குச் சோறு போடு" என்று தாயிடம் சொல்வதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் எருமை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஷிஃப்ட் முடிந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். எருமை நடு ரோட்டில் நின்றது. ஹார்ன் அடித்தேன், திட்டினேன், அதன் பரம்பரையையே திட்டினேன். அது அசையவில்லை. கடைசியில் நான்தான் கரைக்குக் கீழே போய் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

கட்டில் ஏது எங்கள் வீட்டில்? அறை நடுவே பாயை விரித்து, காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்துவிட்டேன். ஓட்டு வீட்டு வெக்கை தாங்காது என்று என் மனைவி மெஸ்ஸில் முன்பணம் கேட்டு ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தாள். ஃபேன் எனக்கு. பெட்டி குழந்தைக்கு.

அவள் அந்தப் பெட்டியைப் படுக்கப் போட்டு வீடாக்கினாள். ஒரு வாசல், இரண்டு ஜன்னல். தீப்பெட்டி அடுக்கி அலமாரி. சோடா மூடியில் சட்டி பானை. ஐஸ்குச்சிக்குத் துணி சுற்றி இரண்டு பேர்: ஒன்று அம்மா, ஒன்று பொண்ணு. மூன்றாவது ஆளைத் தேடினேன். இல்லை. இருக்கும் என்று நினைத்ததே என் கொழுப்பு.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் அறை நடுவே வரவே மாட்டாள். சுவரை ஒட்டி, பக்கவாட்டில் நடந்து, மூலையில் இருக்கிற தன் பெட்டிக்குப் போவாள். தண்ணீர் கேட்டால் டம்ளரைப் பாயின் ஓரத்துக்கு முன்னாலேயே தரையில் வைத்து, விரல் நுனியால் தள்ளிவிட்டு ஓடிவிடுவாள். எனக்கு என்ன தொழுநோயா? ஒரு வீட்டுக்குள் ஒரு குழந்தை நம்மைச் சுற்றிக்கொண்டு போவதைப் படுத்தபடி பார்ப்பது பெரிய கொடுமை. கூரையைப் பார்த்துக்கொண்டு ஓடுகளைத் திட்டுவேன்.

ஒரு நாள் அந்தப் பெட்டி வீட்டை எட்டிப் பார்த்தபோது தோன்றியது. இவ்வளவு சாமான் இருக்கிறது, தரையில் ஒன்றும் இல்லையே. "உன் வூட்டுக்கு ஒரு ஜமுக்காளம் செஞ்சு தரட்டா?" என்று கேட்டேன். பதில் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா உல்லன் நூலில் கிளி வைத்த வாசல் தோரணம் பின்னுவாள். மிச்சம் மீதி நூல் ஒரு பை நிறைய வைத்திருந்தாள். "எதுக்கு?" என்றாள். சொன்னேன். அன்றைக்குத்தான் லைன் முழுக்கச் செய்தி போனது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தடித்த அட்டை ஒன்றை எடுத்து, மேலேயும் கீழேயும் பிளேடால் சின்னச் சின்னதாக வெட்டு விட வேண்டும். அந்த வெட்டுகளில் மாட்டி வெள்ளை நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு. பிறகு கோணி ஊசியில் உல்லனைக் கோத்து ஒரு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, மறுபடி மேலே என்று போய், திரும்பி வரும்போது மாற்றிப் போட்டு வர வேண்டும். நாலு வரிசைக்கு ஒரு தரம் சீப்பால் தட்டி நெருக்க வேண்டும். முடிந்ததும் பின்பக்க நூலை அறுத்து இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டால் குஞ்சம்.

சொல்லும்போது சுலபம். எனக்கு முதலில் வந்தது உடுக்கை. இரண்டு பக்கமும் அகலம், நடுவில் ஒடுங்கி இடுப்பு. கோபத்தில் இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறேன், வேறென்ன? எங்கள் கம்பெனியில் மயிரிழை பிசகினாலே சூப்பர்வைசர் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் கூடையில் போடுவான். இதை அவன் பார்த்தால் என்னையே கூடையில் போட்டிருப்பான். பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். நூலை இழுக்காமல் கொஞ்சம் வளைத்துத் தொளதொளவென்று விட்டு, பிறகு சீப்பால் தட்டினால் ஓரம் நேராக வருகிறது என்று பிடிபட்டது. லேத்தில் அத்தனை வருஷம் நின்றும் எனக்கு வராத பொறுமை இந்த உல்லனில் வந்தது. காலையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தால் மத்தியானம் சோற்றையே மறந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால், கால் உடைந்ததற்குச் சந்தோஷப்பட்ட நேரம்கூட உண்டு.

பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக முதல் பாய் முடிந்தது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது உட்கார்ந்தபடியே மூலைக்கு நகர்ந்து போய், பெட்டி வீட்டுக்குள் கூடத்தில் அழகாக விரித்து வைத்தேன். அடடா, வீட்டுக்கு ஒரு களையே வந்துவிட்டது. சாயங்காலம் வந்தாள். சுவரை ஒட்டி நடந்தாள். உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். அந்தப் பாயை எடுத்தாள், பீடி மாதிரி சுருட்டினாள், தன் ஜடை ரிப்பனிலிருந்து ஒரு நூலை உருவி அதைக் கட்டினாள், பெட்டியின் மூலையில் நிறுத்தினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, டிசைன் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அடுத்ததைப் பெரிதாகத் திட்டம் போட்டேன். எங்கள் மேனேஜர் ரூமில் மேஜைக்கடியில் ஒரு சிவப்புக் கார்பெட் உண்டு, ஓரத்தில் கரை, நடுவில் பூ. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் மேல் நிற்போம். அதையே சின்னதாகச் செய்துவிடுவது என்று இறங்கினேன். சிவப்பு உல்லனுக்கு அக்காவிடம் கெஞ்சி, அவள் ஒரு கிளியைப் பிரித்துக் கொடுத்தாள். பூ வரவில்லை, கட்டம்தான் வந்தது. ஆனால் கரை வந்தது பாருங்கள், நாலு பக்கமும் வெள்ளைக் கோடு, ஸ்கேல் வைத்தாலும் குறை சொல்ல முடியாது.

இந்த முறை அவள் கண் முன்னாலேயே கொடுத்தேன். "இது பாய் இல்ல. கார்பெட்டு. பெரிய ஆபீசுல எல்லாம் போட்டிருப்பாங்க. இதைச் சுருட்டவே மாட்டாங்க. ராவும் பகலும் விரிச்சே கெடக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் நேராக அவள் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "எப்பவுமா?"

"எப்பவும்."

அவள் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. வெடுக்கென்று வாங்கினாள். முன்னதைவிட வேகமாகச் சுருட்டி, இரண்டு கட்டு கட்டி, மூலையில் நிறுத்தினாள்.

எனக்கு எப்படி இருக்கும்? ராத்திரி மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "பகல்ல யாராச்சும் பாயை விரிச்சுப் போடுவாங்களா? வெளங்குமா? கொழந்தைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே" என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே. அதுவும் நம் பக்கத்து வழக்கம்தான். விடிந்தால் சுருட்டி மூலையில் நிறுத்திவிட வேண்டும். பகலில் பாய் விரித்துக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது. எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனாலும் ஆசையாகச் செய்ததை ஒரு நிமிஷம் விரித்துப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

வீம்பு வந்துவிட்டது. மூன்றாவதாக நீலத்தில் ஒன்று செய்தேன். மாவுப் பசை காய்ச்சித் தரச் சொல்லி அக்காவிடம் வாங்கி, பெட்டி வீட்டுத் தரையில் அதை நாலு மூலையும் அழுத்தி ஒட்டியேவிட்டேன். இப்போது சுருட்டு பார்ப்போம் என்று படுத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறு வயதுப் பிள்ளையோடு போட்டி போடுகிற மீசைக்காரன். நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வந்தாள், எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. நகத்தால் பிறாண்டினாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பாயோடு சேர்ந்து அட்டைத் தரையும் கிழிந்து வந்தது. அப்படியே அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "சுருட்டணும்! சுருட்டணும்!" என்று வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏய், ஆசையா செஞ்சு குடுத்தா இதான் மரியாதையா?" என்று நானும் கத்தினேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே நுழைந்தாள்.

குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்தினாள். திட்டப்போகிறாள் என்று நானும் பதிலைத் தயார் செய்துகொண்டேன். அவள் திட்டவில்லை. என் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு உங்க மேல கோவம்னு நெனச்சுக்கினு இருக்கீங்களா? பயம்."

"என்னைப் பாத்தா? நான் இன்னா பேயா?"

"உங்களைப் பாத்து இல்ல. உங்களுக்குக் கீழ கீற பாயைப் பாத்து."

அப்புறம் சொன்னாள். முதல் புருஷனுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் படுத்தபோது குழந்தைக்கு நாலு வயது. இதே மாதிரி அறை நடுவே பகலெல்லாம் பாய் விரித்தே கிடந்தது. "அப்பா படுத்திருக்கு, கிட்ட போகாத" என்று ஆளாளுக்கு அவளை ஓரமாகப் பிடித்து நிறுத்தினார்கள். தினமும் காலையில் எழுந்து, பாயைச் சுருட்டிவிட்டார்களா என்று பார்ப்பாளாம். சுருட்டினால் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று அவளாகவே ஒரு கணக்கு. ஒரு நாளும் சுருட்டவில்லை. அந்தப் பாயிலேயே அவர் போய்விட்டார்.

"எனக்கே இன்னிக்குத்தான் வெளங்குச்சு" என்று என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் விழுந்ததுலேந்து பாயைச் சுருட்டவே இல்ல. அவ இன்னா நெனப்பா?"

இத்தனை நாளாக அந்தக் குழந்தை என்னை வெறுக்கிறது என்று நான் கறுவிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அது பாவம், இந்த ஆளும் போகப்போகிறான், கிட்டே போய்ப் பழகி என்ன என்று சுவரோரமாக ஒதுங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு நான் அதன் வீட்டிலும் கொண்டுபோய்ப் பாயை விரித்து, பசை போட்டு ஒட்டியும் வைத்தேன். ஆம்பளை அழக் கூடாது என்று சொல்கிறவனெல்லாம் என் இடத்தில் படுத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் என் மனைவி மெஸ்ஸுக்குப் போன பிறகு, குழந்தை பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு, அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டு ஒயர் நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். சுவரைப் பிடித்து, ஒரு காலில் எழுந்தேன். பாயைச் சுருட்டக் குனிந்தால் கட்டுப் போட்ட கால் கட்டை மாதிரி குறுக்கே நிற்கிறது. ஒரு வழியாகச் சுருட்டிக் கயிறு கட்டி மூலையில் நிறுத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டி மேல் காலை நீட்டினேன். அடேயப்பா, மத்தியானத்துக்குள் கால்விரல் எல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. படுத்தால் தேவலாம் என்று உயிர் கெஞ்சியது. நான் படுக்கவில்லை.

சாயங்காலம் குழந்தை வாசலில் நின்றாள். அறை நடுவைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே அறை நடுவில் நேராக நடந்து வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மாவுக்கட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"உள்ள காலு கீதா?"

"கீது."

"நெஜமா?"

"கட்டுக்கு வெளிய பாரு, வெரலை ஆட்டறேன்."

ஆட்டினேன். குனிந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய்த் தன் வீட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு என் பாடு திண்டாட்டம்தான். என் மனைவி இருட்டோடு மெஸ்ஸுக்குப் போய்விடுவாள். விடிந்தும் விடியாததுமாய் இந்தப் பொடிசு என் தலைமாட்டில் வந்து நிற்கும். "எந்திரி, எந்திரி, வெளிச்சம் வந்துட்ச்சு." கொஞ்சம் புரண்டு படுத்தால் போர்வையை உருவிவிடும். நான் சுவரைப் பிடித்து எழுந்து நாற்காலிக்கு மாறியதும், அத்தனாம் பெரிய கோரைப்பாயை முட்டி போட்டுச் சுருட்டி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மூலையில் நிறுத்திவிட்டுத்தான் முகம் கழுவப் போகும். ஃபேக்டரியில்கூட என்னை இப்படி யாரும் ஷிஃப்டுக்கு எழுப்பியதில்லை.

பெட்டி வீட்டுக்கும் சட்டம் வந்தது. விளக்கு வைத்த பிறகுதான் பாய் விரிக்கலாம். காலையில் சுருட்டிவிட வேண்டும். அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு நான் எத்தனை வேண்டுமானாலும் நெய்யலாம். கிழிந்த தரைக்குப் புது அட்டை வெட்டிப் போட்டேன். அம்மாவுக்கு ஊதாவில் ஒன்று, பொண்ணுக்கு ரோஸ் கலரில் ஒன்று, வாசலுக்குக் கால்மிதி. கால்மிதி மட்டும் பகலிலும் கிடக்கலாம் என்று அவளே விலக்குக் கொடுத்தாள். ஓரம் கோணினால் விடமாட்டாள். "இது சொட்டையா கீது, பிரி" என்பாள். எங்கள் சூப்பர்வைசரே தேவலை. ஒரு நாள் இன்னொரு பாய் கேட்டாள், கொஞ்சம் நீளமாக.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் ஒரு சபலம்.

"வர்றவங்களுக்கு" என்றாள், அசட்டையாக.

வருகிறவர்களுக்கா. நல்லது. வந்தால் போய்விடுகிறவர்களும் அவர்கள்தானே. உள்ளே சுருக்கென்றாலும் காட்டிக்கொள்ளாமல் நீளமாகவே நெய்து கொடுத்தேன்.

ஆடி பிறந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். மூன்றாவது ஞாயிறு பெரியப்பா வந்தார். கையில் தூக்குவாளியில் கூழ், வாழை இலையில் மடித்த கருவாட்டுப் பொரியல். நான் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கால் எப்படி இருக்கிறது, மழை உண்டா, கம்பெனியில் சம்பளம் பிடிக்கிறார்களா என்று எல்லாம் கேட்டார். பெட்டி வீட்டுக்குள் குனிந்து ஒரு பாயை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்து, "யாரு நெய்ஞ்சது, நீங்களா? பரவால்லியே" என்றார். அப்புறம் குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் மனைவி அடுப்பங்கரையில் நின்றுவிட்டாள். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"கண்ணு, பெரியப்பா கேக்கறேன், மனசுல கீறதச் சொல்லு. எங்களோட வந்துடறியா? அங்க அக்காங்க கீறாங்க. ஆடு குட்டி போட்டிருக்கு. பெரிம்மா உனக்குப் பாவாடை தெச்சு வெச்சிருக்கு."

"குட்டியா? எத்தினி?" அவள் கண் விரிந்தது.

"ரெண்டு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ள."

ஆட்டுக்குட்டிக்கு முன்னால் உல்லன் பாய் எம்மாத்திரம்? வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாம் என்றால் குறுக்கே நிற்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை நன்றாக யோசித்தாள். "வர்றேன்" என்றாள்.

என் மனைவி சுவரில் சாய்ந்தது தெரிந்தது.

"குட்டியப் பாக்க வர்றேன்" என்று குழந்தை தொடர்ந்தாள். "ஆனா ராத்திரிக்கே கொண்டாந்து வுட்டுடணும்."

"ஏன் கண்ணு? நாலு நாள் இருந்துட்டு வர்றது?"

"அதெல்லாம் முடியாது. அம்மா இருட்டுலயே மெஸ்ஸுக்குப் போயிடுது. இவருக்குக் குனிய வராது. காலைல இவரு பாயை யாரு சுருட்டுவாங்க?" பெரியவருக்குப் புரியவில்லையோ என்று அவள் அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். "சுருட்டாம வுட்டா செத்துடுவாரு பெரியப்பா. நான்தான் டெய்லி சுருட்டணும்."

அப்பா என்று அவள் சொல்லவில்லை. அது பிற்பாடு எப்போது வந்தது என்றே எனக்கு ஞாபகம் இல்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அடுப்பங்கரையிலிருந்தும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பெரியவர் மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த கோரைப்பாயைத் திரும்பிப் பார்த்தார். தம்பி படுத்திருந்த பாயை அவரும் தினமும் பார்த்தவர்தானே. பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, குழந்தையின் தலையைத் தடவி, என்னைப் பார்த்தார்.

"தம்பி, காலைல சீக்கிரம் எந்திரிங்க. பாப்பாக்கு ஸ்கூலுக்கு நேரமாயிடப் போவுது."